பாரதம் படிப்பதுபோல் படியுங்கள்

கண் பக்கத்தின் கடைசி வரி வரை போய்விடுகிறது. என்ன படித்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் கிராமங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. எனக்கும் நன்றாகத் தெரிந்த தொல்லை. படிப்பு ஏறாத புத்தி என்று யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 47 சதவீதம், கையிலுள்ள வேலையை விட்டு வேறெதையோ நினைக்கிறார்கள் என்று ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

எனக்குக் கைகொடுத்த வழியைத் திரௌபதி அம்மன் கோயிலில் கற்றேன். எங்கள் வட்டாரத்தில் தீமிதிக்கு முன் நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். பாட்டை ராகம் போட்டுப் படித்த கையோடு அதன் பொருளை ஊர்ப் பேச்சில் விரித்துச் சொல்வார் பிரசங்கியார். எதிரே நடவு முடித்து வந்த பெண்கள், பாட்டிகள், குழந்தைகள். அடுத்த நொடி இவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று படிப்பவருக்கு மனம் எங்கே ஓடும்!

அதையே புத்தகத்துக்கும் செய்தேன். ஒரு பத்தி படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாய்விட்டு, என் பேச்சில் சொல்லிப் பார்ப்பேன். அம்மா பக்கத்தில் இருந்தால் அவரிடமே சொல்வேன். எந்த இடத்தில் சொல் தடுக்கிறதோ அங்கேதான் மனம் வெளியே போயிருக்கும். அந்த இடத்திலிருந்து மட்டும் மறுபடி படித்தால் போதும். முழுப் பக்கத்தையும் திரும்பப் படிப்பது பெரும்பாலும் வீண். பழகிய வரிகளில் மனம் இன்னும் சுலபமாக நழுவுகிறது. நாவலுக்கு இதெல்லாம் வேண்டாம். கதை நம் சொந்த நினைவைக் கிளறி எங்கோ கூட்டிப்போனால் போகட்டும், அதுவும் வாசிப்புதான்.

கைபேசியில் படிப்பவர்கள் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிடுங்கள்.

கவலைதான் பெரிய கள்ளன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கணும், நகைக்கடனுக்கு வட்டி கட்டணும் என்று பாதி வரியில் வந்து நிற்கும். முடிக்காத வேலை வாசிப்பின் நடுவே குறுக்கிடுவதை மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் சோதித்துக் காட்டினார்கள். எப்போது, எப்படி முடிப்போம் என்று திட்டம் எழுதியதுமே அந்தத் தொந்தரவு குறைந்ததாம், வேலை முடியாமலே. நானும் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருப்பேன். 'வட்டி' என்று மட்டும் எழுதினால் அது திரும்பி வரும். 'சனிக்கிழமை காலை, வில்லியனூர் போகும்போது' என்று எழுதினால் பெரும்பாலும் வராது.

பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்ததைப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிக்கிறவர்களின் சோற்றுக் கவலையை ஊர் சுமக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் அவ்வளவு பழையது. இன்றைய வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்தால்தான், தண்ணீர் பிடி, தம்பியைப் பார் என்று குரல் வருகிறது. பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு முடிப்பாய் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, அதுவரை அவளைக் கூப்பிடாதீர்கள்.