கட்டமும் காயும்

ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு சதுரங்கம் வாங்குவது என்று முடிவாயிற்று. 80 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டார்கள். 4,000 ரூபாய் சேர்ந்தது. மாலையில் சீட்டாடப் போகும் இளைஞர்கள் இங்கே வந்து உட்காரட்டும் என்பது எல்லோருடைய ஆசை.

மரக் காய்கள் வந்தன. நல்ல காய்கள். பலகையை வேறு கடையில் வாங்கினார்கள். வாங்கப் போனவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனார். ஒரு கட்டம் 5.5 செ.மீ. ஒரு வரிசையில் 8 கட்டங்கள். 8 x 5.5 = 44. “44 சென்டிமீட்டர் பலகை கொடுங்கள்” என்றார். கடைக்காரரும் கொடுத்தார்.

கணக்கு சரி. ஆனால் பலகையைச் சுற்றி 4 செ.மீ. அகலத்துக்குச் சட்டம் இருந்தது. இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4. மொத்தம் 8 போயிற்று. மீதி 36. அதை 8 ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 4.5 செ.மீ.தான். ராஜாவின் அடிப்பாகமோ 4.2 செ.மீ.!

குதிரையை எடுத்தால் பக்கத்தில் இருந்த மந்திரி சாய்ந்தது. சதுரங்கத்தில் ஒரு விதி உண்டு. ஆடுவதற்காகத் தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். “நீ ராணியைத் தொட்டாய்.” “இல்லை, கை பட்டுவிட்டது.” தினமும் இதே சண்டை. ஒரு மாதத்தில் பலகை அலமாரிக்கு மேலே போய்விட்டது. சீட்டுக்கட்டு திரும்பி வந்தது.

ஆகவே, கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோல் எடுத்துச் செல்லுங்கள். பலகையின் முழு அளவைக் கேட்காதீர்கள். “ஒரு கட்டம் எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேளுங்கள். நீங்களே அளந்தும் பாருங்கள். போட்டிகளுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அளவு சொல்லியிருக்கிறது. ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை. அளவுகோல் இல்லையா? நான்கு சிப்பாய்களை எடுத்து ஒரே கட்டத்துக்குள் நிறுத்துங்கள். நான்கும் அடங்கினால் பலகை பொருந்தும். கோட்டைத் தாண்டினால் கட்டம் சிறியது.

மரச் சதுரங்கக் காய்களுக்குப் பேர்போன ஊர் பஞ்சாபில் உள்ள அமிர்தசரஸ். அங்கே முன்பு யானைத் தந்தத்தில் செதுக்கும் கைவினைஞர்கள் இருந்தார்கள். யானைகளைக் காப்பாற்ற 1986-லும் 1991-லும் சட்டம் திருத்தப்பட்டது. தந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. செதுக்கும் கை சும்மா இருக்குமா? பலர் மரத்துக்கு மாறினார்கள். இப்போது அந்த ஊர்க் காய்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. யாராவது “பழைய தந்தக் காய், மலிவு” என்று காட்டினால் வாங்காதீர்கள். அது குற்றம்.

ராஜா, ராணி, மந்திரி, யானை, சிப்பாய் எல்லாவற்றையும் கடைசல் எந்திரத்தில் கடைந்துவிடலாம். குதிரையை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. அதன் அடிப்பாகத்தைத்தான் கடைய முடியும். தலை, காது, பிடரி மயிர், பல் எல்லாம் உளியால் செதுக்க வேண்டும். இதற்கென்றே தேர்ந்த கைகள் வேண்டும். ஒரு செட்டின் விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் குதிரையால்தான். நான்கு குதிரைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே சாயலில் இருந்தால் வேலை சுத்தம்.

இன்னொரு செய்தி. வட இந்தியாவில் ராணிக்கு ‘வஜீர்’ என்று பெயர். வஜீர் என்றால் மந்திரி. நாம் மந்திரி என்று சொல்லும் காய் அங்கே ஒட்டகம்! காய் தொலைந்து, “ஒரு மந்திரி அனுப்புங்கள்” என்று எழுதினால் ராணி வந்து சேரலாம். படம் வரைந்து அனுப்புவது நல்லது.

மரத்தின் பெயரில்தான் பணம் அதிகம் ஏமாறும். வெள்ளைக் காய்கள் பெரும்பாலும் பாக்ஸ்வுட் என்னும் மஞ்சள் நிற மரம். கறுப்புக் காய்களில் பல வகை. பழுப்பு நிறச் சீஷம் மலிவு. கருங்காலி விலை அதிகம், கனமும் அதிகம். சில காய்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். சாயக் காய் கெட்ட காய் அல்ல. அதிலும் நன்றாக ஆடலாம். ஆனால் சாயக் காய்க்குக் கருங்காலி விலை கொடுக்கலாமா? “கருங்காலி” என்று வாயால் சொன்னால் போதாது. ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதைக் கடையிலேயே நின்று படியுங்கள். “கறுப்பு” என்று மட்டும் எழுதியிருந்தால் அது நிறத்தின் பெயர். மரத்தின் பெயர் அல்ல.

காயை விரலால் லேசாகச் சாய்த்து விடுங்கள். ஆடி நிமிர்ந்தால் அடியில் எடை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அடியில் ஒட்டிய துணி பிரியாமல் இருக்க வேண்டும். எண்ணும்போது ஒரு பக்கத்துக்கு 16, இரண்டு பக்கத்துக்கும் 32 இருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு ராணிகள் தந்தால் இன்னும் நல்லது. சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் ராணியாகலாம் அல்லவா?

பலகையைச் சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலையும் படிய வேண்டும். ஒரு மூலை தூக்கினால் மரம் வளைந்திருக்கிறது. மழைக்காலத்தில் இன்னும் வளையலாம். கண்ணாடி போல மின்னும் பலகையும் வேண்டாம். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும். கறுப்புக் காயும் கறுப்புக் கட்டமும் ஒரே நிறமாக இருந்தால் காய் தெரியாது. கட்டம் சற்று வெளிறியதாக இருக்கட்டும். வாங்கிய பிறகு ஈரத்துணி, வெயில் இரண்டும் ஆகாது. விரிக்கும்போது உங்கள் வலக்கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

ஒரு பலகையின் முழு அளவு 46 செ.மீ. சட்டம் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. சிப்பாயின் அடிப்பாகம் 2.8 செ.மீ. இந்தப் பலகையில் ஒரு கட்டம் எத்தனை செ.மீ.? ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய்கள் அடங்குமா? படிப்பகப் பணத்தில் இந்தப் பலகையை வாங்குவீர்களா?