தோட்டக் குட்டையில் பாசி பெருகினால்...

விடியற்காலையில் குட்டைக் கரைக்குப் போகும்போது, மீன்கள் நீரின் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவற்றிற்குப் பசி என்று எண்ணித் தவிட்டை வாரிக் கொட்டும் விவசாயிகள் உண்டு. அது பசியல்ல, மூச்சுத் திணறல். கையைத் தட்டினால் மீன்கள் கீழே போய், சிறிது நேரத்தில் மீண்டும் மேலே வரும். வெயில் ஏறியதும் அவை பழையபடி நீந்தத் தொடங்கினால், நோய் ஏதுமில்லை, இரவில் நீரிலிருந்த பிராணவாயு குறைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அந்நிலை முற்றினால் முதலில் சாவது பெரிய மீன்களே. ஓராண்டு வளர்த்த பலன் ஒரே இரவில் போய்விடும். இத்தகைய குட்டைகளில் நீர் பெரும்பாலும் கரும்பச்சையாக இருக்கும்.

பாசி பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் மீன்களைப் போலவே பிராணவாயுவைச் செலவிடுகிறது. பாசி அளவோடு இருக்கும்போது இந்த வரவும் செலவும் சரிக்கட்டிப் போகும். மிகுந்துவிட்டால், பகலில் தேவைக்கு மேல் வரவு வந்தாலும், பொழுது விடிவதற்குச் சற்று முன்பாகக் கையிருப்பு தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பகல் வரவும் குறைகிறது. சித்திரை, வைகாசியிலோ சூடேறிய நீர் பிராணவாயுவைக் குறைவாகவே தாங்கும். ஆகவே இவ்விரு பருவங்களிலும் கவனம் அதிகம் வேண்டும்.

இதற்காகக் கண்ணாடி போன்ற தெளிந்த நீர் வேண்டும் என்று கருதுவதும் தவறு. வீட்டு முற்றத்து அலங்காரத் தொட்டிக்கு அது அழகு. கெண்டை மீன் வளர்க்கும் குட்டைக்கு இளம்பச்சை நீரே தேவை. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியும், அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும்தான் கட்லா, வெள்ளிக்கெண்டை ஆகியவற்றின் இயற்கை உணவு.

அளவை அறிய எளிய வழி உண்டு. காலை பத்து மணியளவில் கரையோரம் நின்று, உள்ளங்கையை மேல்நோக்கி மடக்கி, கையை மெல்ல நீரில் இறக்க வேண்டும். முழங்கை நனையும் சமயத்தில் உள்ளங்கை மறைந்தால் நீர் சரியான நிலையில் உள்ளது. முழங்கை மூழ்கிய பின்னும் கை நன்றாகத் தெரிந்தால் உணவு போதாது. மணிக்கட்டு நனைந்த சிறிது நேரத்திலேயே கை மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது. மழைக்குப் பின் நீர் சேற்றால் கலங்கியிருந்தாலும் கை மறையும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து ஒரு நாள் அசையாமல் வைத்தால், சேறாயின் பெரும்பகுதி அடியில் படியும். பாசியாயின் நீர் பச்சையாகவே நிற்கும், அல்லது மேலே ஆடை கட்டும்.

பச்சைச் சாயம் கொட்டியது போல் காற்றடிக்கும் மூலையில் திரண்டு, நாற்றம் வீசுமானால் அது நீலப்பச்சைப் பாசி. இவ்வகையில் சில நச்சுத்தன்மை கொண்டவை. ஆடுமாடுகளை அந்த நீரைக் குடிக்க விடலாகாது. திரண்ட ஆடையைக் காலையில் நெருக்கமான துணி வலையால் வழித்துக் கரையேற்ற வேண்டும். நூல் நூலாகப் படரும் பாசியைக் கயிறு இழுத்துச் சுருட்டி எடுப்பதே சிறந்தது.

நீர் பச்சையாவதற்கு மூலகாரணம் சத்து மிகுதி. மாட்டுத் தொழுவத்துக் கழிவு குட்டையில் விழுவது, யூரியா இட்ட வயலிலிருந்து மழைநீர் வழிந்து வருவது, மீன் தின்னாத தவிடும் கடலைப் பிண்ணாக்கும் அடியில் அழுகுவது ஆகியவை முக்கியமானவை. கரையை உயர்த்தி, வடிகாலைத் திருப்பிவிட வேண்டும். நீர் கரும்பச்சையானதும் சாணம், சூப்பர் பாஸ்பேட் இரண்டையும் அறவே நிறுத்தி, தீவனத்தையும் சில நாட்கள் நிறுத்த வேண்டும். அடிமட்ட நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவது உடனடிப் பலன் தரும். வெளியேற்றும் நீர் வீணல்ல. அதைத் தென்னைக்கோ காய்கறிக்கோ பாய்ச்சினால் உரச் செலவில் சிறிது மிச்சமாகும். நீலப்பச்சைப் பாசி ஆடை கட்டிய நீரை மட்டும் கீரைக்கும், பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் பாய்ச்சாமல் இருப்பது நல்லது. மீன் மேலே வந்து தவிக்கும் நாட்களில், விடியற்காலை மூன்று மணிக்கே மோட்டாரை ஓட்டி, குட்டை நீரையே உயரத்திலிருந்து குட்டையில் விழச் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கெண்டை விட்டால் பாசி முழுவதும் தீர்ந்துவிடும் என்று சொல்லப்படுவது சற்று மிகை. 1959ல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் நுண்பாசியை வடிகட்டித் தின்பது உண்மையே. ஆனால் நீலப்பச்சைப் பாசியின் ஒரு பகுதி அதன் குடலில் சீரணமாகாமல் உயிரோடு வெளிவருகிறது. பத்து சென்ட் குட்டைக்கு விடும் 200 குஞ்சுகளில் 40 வெள்ளிக்கெண்டை இருப்பது போதும். கூடினால் கட்லாவின் வளர்ச்சி குன்றும்.

மயில்துத்தம் கடைசி வழி. அதை அள்ளித் தூவி மீனை இழந்தோர் பலர். ஒரே சமயத்தில் சாகும் பாசி அழுகும்போது மீதமுள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடுகிறது. பத்து சென்ட் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீர் ஏறத்தாழ 400 கன மீட்டர். கன மீட்டருக்கு அரை கிராம் வீதம் மொத்தம் 200 கிராம் ஆகும். இதனை மூன்று பங்காக்கி, ஒரு பங்கைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, வெயிலுள்ள காலையில் குட்டையின் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் தெளித்து, ஒரு வாரம் பொறுத்து அடுத்த பங்கை இட வேண்டும். மேகமூட்ட நாளிலும், மீன் தவித்துக்கொண்டிருக்கும்போதும் கூடவே கூடாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரில் இந்த அளவே மீனைக் கொல்லக்கூடும். எனவே நீரைப் பரிசோதிக்காமல் இதைத் தொடாதிருப்பது நன்று.

மீன் பிடித்து முடித்த பின் கோடையில் குட்டையைத் தரை வெடிக்கும்வரை காயவிட்டு, அடியிலுள்ள கரிய வண்டலை அள்ளி வயலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பாசிக்கு வேண்டிய மணிச்சத்து தங்கியிருப்பது அந்த வண்டலில்தான். பின்னர் பத்து சென்ட்டுக்கு 8 முதல் 10 கிலோ சுண்ணாம்பைப் பரப்பி, அதன்பிறகே நீர் நிரப்ப வேண்டும்.