பெயர் தாங்கும் நூல்கள்
நினைவுக் கொடைகளால் ஓர் அரிய தாவரவியல் நூற்றொகுப்பை உருவாக்குதல்

குடும்பத்தில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் பெயரால் ஒரு நன்மையைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எம்மவரிடம் இயல்பாகவே எழுகின்றது. பள்ளிவாசலுக்குப் பாய் விரிப்பு, பாடசாலைக்குச் சுவர்க்கடிகாரம், கதிரைகள், குடிநீர்த் தாங்கி என்று கொடுக்கின்றோம். இவை யாவும் நல்ல காரியங்களே. எனினும் கடிகாரம் நின்றுவிடும், கதிரை உடைந்துவிடும். அதில் எழுதிய பெயரும் அதனோடு போய்விடும். நன்றாகப் பேணப்பட்ட நூலோ முந்நூறு வருடங்கள் கடந்தும் வாசிக்கப்படுகின்றது.

மனிதன் இறந்த பின்னும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் மூன்று விடயங்களில் நிலையான தர்மமும் பயன்தரும் அறிவும் அடங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத்தந்துள்ளார்கள். நூலகத்துக்குக் கொடுக்கப்படும் ஒரு நல்ல நூலில் இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. இக்கட்டுரை மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகின்றது. அரிய தாவரவியல் நூல் என்பது எது? அத்தகைய நூல்கள் கொடைகளால் எவ்வாறு காக்கப்பட்டன? எமது பாடசாலை போன்ற சிறிய இடத்தில் அதனை எவ்வாறு தொடங்கலாம்?

அரிய நூல் எது?

பழையன எல்லாம் அரியன அல்ல. ஒரு நூலில் உள்ள தகவல் வேறெங்கும் கிடைக்காதபோதும், அதன் பிரதிகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும்போதும் அது அரிய நூலாகின்றது. இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூல்களின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம்.

ஒல்லாந்தர் காலத்தில் போல் ஹேர்மன் என்ற வைத்தியர் 1672 முதல் 1677 வரை இலங்கையில் தங்கித் தாவரங்களைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். 1695இல் அவர் இறந்தபோது அவருடைய குறிப்புகள் அச்சேறியிருக்கவில்லை. வில்லியம் ஷெராட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அவற்றை ஒழுங்குபடுத்தி 1717இல் வெளியிட்டார். ஹேர்மனின் உலர்தாவரத் தொகுதி கைமாறிக் கைமாறி டென்மார்க்கில் ஒரு மருந்தாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதனைப் பூட்டி வைக்காமல் லின்னேயஸுக்கு அனுப்பினார். இலங்கையில் ஒருநாளும் கால் வைக்காத லின்னேயஸ் அதனை ஆராய்ந்தே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை எழுதினார். அத்தொகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1821இல் தொடக்கிய அலெக்சாண்டர் மூன், 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றைக் கொழும்பில் அச்சிட்டார். பின்னர் வந்த துவெயிற்ஸ் 1858 முதல் 1864 வரை இன்னொரு விரிவான பட்டியலை வெளியிட்டார். 1880இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது கைந்நூலின் முதல் மூன்று பாகங்களை 1893 தொடக்கம் 1895 வரை வெளியிட்டார். 1896இல் அவர் பேராதனையிலேயே காலமானார். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த சேர் ஜோசப் ஹூக்கர் மிகுதி வேலையை எடுத்து, 1898இலும் 1900இலும் கடைசி இரு பாகங்களையும் நிறைவேற்றினார். இறந்துபோன ஒருவருக்காகக் கொடுக்கப்பட்ட உழைப்பு அது. நினைவுக் கொடை பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

டிரைமனின் நூலோடு 100 வர்ண ஓவியங்களும் வெளிவந்தன. பேராதனையில் ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியரும் அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளும் பல தசாப்தங்களாகத் தாவரங்களை வரைந்தனர். அந்நூலில் தாவரங்களின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களும் பதியப்பட்டுள்ளன. நூற்றிருபது வருடங்களுக்கு முன் இந்நாட்டில் தமிழர் ஒரு செடியை என்ன பெயர் சொல்லி அழைத்தனர் என்று அறிய இன்று எமக்கு இருக்கும் மிகச் சில சான்றுகளில் அதுவும் ஒன்று.

இது எமக்கு ஏன்?

உயர்தரத்தில் உயிரியல் கற்போருக்கு மட்டுமான விடயம் இது என்று யாரும் எண்ண வேண்டாம். கொட்டகலையைச் சுற்றி நாம் காணும் தேயிலை மலைகளின் கதையே ஒரு பூஞ்சையின் கதைதான். 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. துவெயிற்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார், அங்கே அப்பூஞ்சைக்குப் பெயரிடப்பட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்து இரண்டு வருடங்கள் அதன் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். ஆயினும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. லயங்களில் வாழும் குடும்பங்களின் வாழ்க்கையும், அவர்களை நம்பிக் கடை வைத்த எம் முன்னோரின் வாழ்க்கையும் அந்த மாற்றத்தோடு பிணைந்தவை. அந்த அறிக்கைகளும் நூல்களும் அழிந்தால் எமது சொந்த வரலாற்றின் ஒரு பக்கம் கிழிந்துவிடும்.

நூல்கள் அழியக்கூடியவை என்பதற்கு எமது சமூகத்தின் வரலாறே சாட்சி. ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ ஹனீபா அத்தீனவரி தாவரங்கள் பற்றிப் பல பாகங்களில் பெருநூல் ஒன்றை எழுதினார். இன்று அதன் சில பகுதிகளே மிஞ்சியுள்ளன. மற்றவற்றுள் பிறர் தம் நூல்களில் எடுத்தெழுதியவை மட்டுமே தப்பின.

கொடைகள் கற்றுத்தரும் பாடங்கள்

முதற் பாடம் கொர்தோவாவிலிருந்து வருகின்றது. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைசாந்தியப் பேரரசர், கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு டயஸ்கோரிடிஸின் மூலிகை நூலை ஓவியங்களோடு கிரேக்க மொழியில் அன்பளிப்பாக அனுப்பினார். ஆனால் கொர்தோவாவில் பழைய கிரேக்கத்தை வாசிக்க ஆளில்லை. கலீபாவின் வேண்டுகோளின்படி 951இல் நிக்கொலஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார். முஸ்லிம், யூத அறிஞர்கள் அவரோடு அமர்ந்து ஒவ்வொரு செடியாக இனங்கண்டனர். அதன் பின்னரே அந்த அன்பளிப்பு பயன் தந்தது. நூலைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதனை வாசிக்க வைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து. மேலே குறிப்பிட்ட ஷெராட் 1728இல் இறந்தபோது தமது நூல்களையும் உலர்தாவரத் தொகுதியையும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். அவற்றோடு தாவரவியல் பேராசிரியர் ஒருவரை அமர்த்துவதற்கென 3000 பவுணையும் வைத்தார். தொகுப்பும் அதனைப் பராமரிக்கும் பணமும் கற்பிக்கும் ஆளும் ஒருங்கே அமைந்தன.

மூன்றாம் பாடம் ஓர் எச்சரிக்கை. லண்டன் தோட்டக்கலைச் சங்கம் பல வருடங்களாகச் சேர்த்த தனது நூலகத்தைப் பணநெருக்கடியினால் 1859இல் விற்றுவிட்டது. பின்னர் ஜோன் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் இறந்ததும் 1866இல் அவருடைய நூல்களை வாங்கி மீண்டும் தொடங்கியது. இம்முறை 1868இல் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு ஏற்படுத்தப்பட்டு அந்நூல்கள் அதன்கீழ் வைக்கப்பட்டன. லிண்ட்லியின் பெயரைத் தாங்கும் அந்த நூலகம் இன்றும் உலகின் சிறந்த தோட்டக்கலை நூலகங்களில் ஒன்று.

எமக்கு இது புதிய விடயம் அல்ல. வக்பு செய்யப்பட்ட பொருளை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசாக எடுக்கவோ முடியாது. முற்கால முஸ்லிம் நூலகங்களில் நூலின் முதற் பக்கத்திலேயே அது வக்பு என்று எழுதி வைத்தனர்.

நான்காவது தமிழ் உலகின் உதாரணம். உ.வே. சாமிநாதையர் 1942இல் காலமானார். அடுத்த வருடமே ருக்மிணி தேவி அருண்டேலின் ஆதரவோடு அவர் பெயரில் சென்னையில் நூலகம் அமைந்தது. அவர் ஊரூராகத் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் சிதறிப் போகாமல் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன.

நாம் தொடங்கும் முறை

முதலில் எல்லையை வரையறுக்க வேண்டும். "மலைநாட்டுத் தாவரங்கள், தேயிலை, மூலிகைகள்" என்று எல்லை வகுத்தால் நாற்பது நூல்களே ஒரு தொகுப்பாகிவிடும். எல்லை இல்லாவிட்டால் நானூறு நூல்கள் சேர்ந்தாலும் அது வெறும் குவியல்தான்.

இரண்டாவது, சிறு கொடைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். ஒரு குடும்பம் ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம், இன்னொன்று ஐந்நூறு கொடுக்கலாம். பல குடும்பங்களின் பணத்தில் வாங்கிய ஒரே நூலில் பல மர்ஹூம்களின் பெயர்கள் இடம்பெறலாம். தொகை சிறிதென்று எவரும் வெட்கப்படத் தேவையில்லாத ஏற்பாடாக அது இருக்க வேண்டும். கொடை எவ்வளவு என்பது நூலில் எழுதப்படக் கூடாது.

மூன்றாவது, எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். நூல்களை விற்பதில்லை, அதிபர் மாறினாலும் தொகுப்பைப் பிரிப்பதில்லை, எந்த நூலை வாங்குவது என்பதை நூலகக் குழுவே தீர்மானிக்கும் என்ற மூன்று வாசகங்கள் போதும்.

நான்காவது, ஒவ்வொரு நூலுக்கும் சேர்வுப் பதிவேட்டில் இலக்கமும், உள்ளட்டையில் ஒரு சிறிய பெயர்ச்சீட்டும் வேண்டும். மர்ஹூமின் பெயரோடு அவர் செய்த தொழிலையும் ஒரு வரியில் எழுதலாம். கொழுந்து பறித்த தாயாருடைய பெயரும் கடை நடத்திய முதலாளியுடைய பெயரும் ஒரே தட்டில் இருக்கும். ஆங்கிலேயர் எழுதிய தாவர நூல்களில் செடியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த உள்ளூர் மனிதர்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் இல்லை. எமது தட்டில் அந்தக் குறை ஏற்படக் கூடாது.

ஐந்தாவது பராமரிப்பு. கொட்டகலையின் பனியும் மழையும் நூல்களுக்குப் பகை. வெளிச்சுவரை ஒட்டி அலுமாரியை வைக்கக் கூடாது. நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டம் உள்ளவாறு வைக்க வேண்டும். கிழிந்த பக்கத்துக்குப் பிளாஸ்டிக் ஒட்டுநாடா ஒட்டவே கூடாது, சில வருடங்களில் அதன் பசை தாளை மஞ்சளாக்கிவிடும். இலக்கங்களைப் பென்சிலால் எழுத வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஏடுகளைப் பூச்சியிலிருந்து காக்க வசம்பு, மிளகு, கராம்பு, கறுவா போன்றவற்றின் தூளைத் துணியில் கட்டி வைப்பது வழக்கம். தாவர நூல்களைத் தாவரங்களே காப்பது பொருத்தம்தான்!

எவற்றைச் சேர்க்கலாம்?

டிரைமனின் மூலப்பதிப்பை வாங்க எம்மால் முடியாமல் போகலாம். ஆனால் அது இணையத்தில் பல்லுயிர் மரபு நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றது. அதிலிருந்து மலைநாட்டுத் தாவரங்களுக்குரிய பக்கங்களை அச்சிட்டுக் கட்டிவைக்கலாம். 1980 தொடக்கம் 2006 வரை வெளிவந்த அதன் திருத்திய பதிப்பின் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடலாம். 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகள் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்களின் வீடுகளில் கிடக்கலாம். பழைய சித்த, யூனானி மருத்துவ நூல்களும் பலரின் பெட்டிகளில் இருக்கலாம். கடைதாசிக் கடைக்கு நிறுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை நூலகத்தைக் கேளுங்கள் என்பதே பெற்றோரிடம் எமது வேண்டுகோள்.

அச்சாகாத நூலும் ஒன்று உண்டு. வல்லாரை, முடக்கொத்தான், தூதுவளை எங்கே வளரும், எந்தக் காய்ச்சலுக்கு எதை அவித்துக் கொடுத்தார்கள் என்பவை எமது மூதாட்டிகளின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, செடியை உலர்த்தி ஒட்டி, இடத்தையும் திகதியையும் குறித்தால் ஒரே ஒரு பிரதி கொண்ட நூல் பிறக்கும். அதைவிட அரிய நூல் வேறில்லை. அதனைப் படமெடுத்து இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்ள வேண்டும், தீனவரியின் நூலுக்கு நேர்ந்தது அதற்கும் நேரக் கூடாது.

மாணவியரே, இந்த வேலையைத் தொடங்கப் பணம் தேவையில்லை, ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பெற்றோரே, உங்கள் வீட்டில் அடுத்த நினைவு நாள் வரும்போது ஒரு நூலின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் காணாத ஒரு மாணவி, நாம் இல்லாத ஒரு காலத்தில் அந்த நூலைத் திறப்பாள். உள்ளட்டையில் உள்ள பெயரை வாசிப்பாள், அவருக்காக ஒரு துஆவும் கேட்பாள், இன்ஷா அல்லாஹ்.