யந்திரம் வரையும் திட்டமும் பூர்வகுடிகளின் சம்மதமும்

1840-ஆம் ஆண்டு பெப்ருவரி 4-ஆம் தேதி பிற்பகலில், நியூசீலாந்தில் ஊழியம் புரிந்துவந்த ஹென்றி வில்லியம்ஸ் என்னும் மிஷனெரியாரிடம், பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாகிய ஹாப்சன் ஓர் ஆங்கில உடன்படிக்கையைக் கொடுத்து, மறுநாட் காலைக்குள் அதனை மாவோரி மொழியிற் பெயர்த்துத் தரும்படி வேண்டினர். வில்லியம்ஸ் தம் குமாரர் எட்வர்டுடன் ஓரிரவில் அவ்வேலையை முடித்தனர். 5-ஆம் தேதி தலைவர்கள் கூடி விவாதித்தார்கள். 6-ஆம் தேதி வைட்டாங்கியிற் கையொப்பம் இடப்பெற்றது.

அவ்விரவிற் செய்த வேலையின் பயன் இன்றுவரை தொடர்கின்றது. ஆங்கிலப் படியில் 'இறைமை' முழுவதையும் தலைவர்கள் ஒப்படைப்பதாக இருந்த இடத்தில், மாவோரிப் படியிற் 'காவனதங்க' என்னும் சொல் அமைந்தது. ஆங்கிலத்திற் கவர்னர் எனப்படுஞ் சொல்லையே மாவோரி ஒலிப்படுத்தி ஆக்கிய சொல் அது. வேதாகமத்திற் பொந்தியு பிலாத்துவைக் குறிக்கவும் 'காவன' என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். ஐந்தாண்டுகட்கு முன், 1835-இற் சுதந்தரப் பிரகடனத்தைப் பெயர்த்தபோது, 'இறைமை' என்பதற்கு 'மன' என்னும் வலிய சொல்லைச் சேர்த்தவரும் இதே வில்லியம்ஸ்தான். 1840-இல் அச்சொல் இடம்பெறவில்லை. 500-க்கு மேற்பட்ட தலைவர்கள் கையொப்பமிட்டனர்; அவர்களில் 39 பேரொழிய ஏனையோர் மாவோரிப் படியையே ஏற்றவர்கள். 1975-இல் நிறுவப்பெற்ற வைட்டாங்கி நியாயசபை, 1840 பெப்ருவரியிற் கையொப்பமிட்ட தலைவர்கள் தங்கள் இறைமையை விட்டுக்கொடுத்தவரல்லர் என 2014-இல் முடிவு கூறிற்று.

மிஷன் கலாசாலையிற் பயிலும் நமக்கு இவ்வரலாறு சற்று உறுத்துவதே. எனினும் இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. ஓரிரவிற் செய்ததை ஒரு நிமிஷத்திற் செய்யும் கருவி இன்று நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது. வில்லியம்ஸ் அம்மக்களிடையே பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்; செயற்கை நுண்ணறிவோ அவர்களுள் ஒருவரையும் கண்டதில்லை.

ஆற்றங்கரையில் மரம் நடக் கருதும் ஒரு சங்கத்தார், அக்கரைக்கு உரிய மாவோரிக் குலத்தாரோடு கலந்து செயலாற்ற விரும்புவதாகக் கொள்வோம். அவர்கள் யந்திரத்தைக் கேட்டால், யாரை முதலிற் காண்பது, எத்தனை கூட்டம், என்னென்ன வினாக்கள் என யாவும் அடங்கிய திட்டத்தை அது அழகுற வரைந்து தரும். அத்திட்டத்தின் பெருங்குறை யாதெனில், அது முடிந்த திட்டமாக வந்து நிற்பதே. 'இவ்வேலை உங்களுக்கு வேண்டுமா?' என்னும் வினாவை அதிற் காண்பது அரிது. 2007-இல் ஐக்கிய நாட்டுச் சபை 144 நாடுகளின் ஆதரவோடு ஏற்ற பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம், வற்புறுத்தலின்றியும், முன்னதாகவும், விஷயம் முழுதும் அறிந்தும் அளிக்கும் சம்மதத்தை வேண்டுகின்றது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் நியூசீலாந்தும் ஒன்று. 2010-இல் அது தன் ஆதரவைத் தெரிவித்தது. அட்டவணை முழுதும் நிரம்பிய பின் கேட்கும் சம்மதம் 'முன்னதாக' ஆகுமா?

யந்திரத்தை விலக்குக என்று நான் கூறவில்லை. யானும் அதனை உபயோகிப்பவனே. நம் வீட்டுப்பாடத்தை நாம் செய்வதற்கு அது மிகவும் உதவும். நியாயசபையின் அறிக்கைகள் யாவரும் படிக்க வெளியிடப்பெற்றவை. பல நூறு பக்கங்கள் கொண்டவை. அவற்றுள் நாம் செல்லும் ஆற்றைப்பற்றிய பகுதி எதுவென யந்திரத்தைக் கேட்டு, அப்பகுதியை மூலத்திலேயே படிக்கலாம். பயணச் செலவு, உணவுச் செலவு, விருந்தினராய்ச் செல்வோர் அளிக்கும் காணிக்கை ஆகியவற்றைக் கணக்கிடலாம். நாம் எழுதிய கடிதம் நீண்டு குழம்பியிருப்பின் சுருக்கித் தரச் சொல்லலாம்.

'நீ ஒரு மாவோரி முதியவர். எங்கள் திட்டத்தைப்பற்றி உன் அபிப்பிராயம் என்ன?' என்று அதனைக் கேட்பதுமட்டும் ஆகாது. அது தடையின்றி விடையளிக்கும். அவ்விடையைப் படித்தவர் மெய்யான முதியவரிடம் செல்லும்போது பாதிச் செவியோடே செல்வர். வரவேற்புரைக்கு மாவோரிச் சொற்களை அதனிடமிருந்து பெறுவதும் ஆபத்தானதே. வட தீவில் 'ங' என ஒலிக்கும் இடத்தில் தென் தீவின் பெருங்குலத்தார் 'க' என்பர். தங்கள் பெயரையே அவ்வாறு சொல்வோரும் உளர். அவ்வூர் வழக்கு எதுவென அவ்வூராரே சொல்லவேண்டும்.

யந்திரத்திற்கு எதனைக் கொடுக்கிறோம் என்பதும் கருதத்தக்கது. வட கோடியிலுள்ள கைட்டாயா நகரின் தே ஹிக்கு என்னும் குல வானொலி நிலையத்தார், 2018-இல் தம் மக்களை வேண்டி, பத்தே நாளிற் சுமார் 2,500 பேரின் குரலில் 300 மணி நேர மாவோரி வாசிப்பைத் திரட்டினர். அதனைக்கொண்டு பேச்சை எழுத்தாக்கும் யந்திரத்தைத் தாமே அமைத்தனர். அயல் நிறுவனங்களுக்கு அக்குரல்களைக் கொடுக்க இசையவில்லை. மக்களின் பொருளைத் தாம் காப்பவரேயன்றி உடையவரல்லர் என்னுங் கருத்துப்பட ஓர் உரிமப் பத்திரமும் வகுத்தனர். 1986-இல் மாவோரி மொழியே பாதுகாத்தற்குரிய செல்வம் என நியாயசபை கூறியதை நினைப்பின், அவர்கள் செயலின் நியாயம் விளங்கும். கூட்டத்தில் ஒரு மூதாட்டி தம் வம்சாவளியைக் கூறியதை நம் கைப்பேசியிற் பதிந்து, அன்றிரவே சுருக்கித் தரும்படி ஏதோ ஓர் அயலாரின் யந்திரத்திடம் ஒப்படைப்பவன் அவர்கள் காத்ததைக் கைமாற்றி விடுகின்றான். குறிப்பெழுதலாமா, எழுதியது யாரிடம் இருக்கும் என்பவற்றை முதற் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றாற் கையாற்கூட எழுதலாகாது.

ஆதலின் அச்சங்கத்தார் யந்திரத்தின் உதவியால் ஆயத்தஞ் செய்துகொள்ளட்டும். ஆனால் தேதிப் பத்தியை வெறுமையாக விட்டுச் செல்லட்டும். குலத்தாரின் பொது முற்றமாகிய மராயேயில் எந்நாளிற் கூடுவதென்பதை அவர்களே சொல்வர். சொன்ன பின்னும் அங்கே ஒரு மரணம் நேர்ந்தால், பல நாள் நடைபெறும் துக்கச் சடங்கிற்கே முற்றம் உரியது. குறித்த கூட்டம் வேறு நாளுக்குச் செல்லும்.