நிறங்களும் தமிழ்ச் சொற்களும்

எம் மாணவர் சித்திர வகுப்பிலே நிறங்களின் இயல்பை ஜேர்மன் மொழியிற் கற்கின்றனர். வீட்டில் அதனைத் தமிழில் விளக்க முனைகையிற் சொல் கிடைக்காது தடுமாறுகின்றனர். சொற்களோ எம்மிடம் உண்டு.

லாங்கன்தால் அடங்கிய பேர்ண் மாநிலத்தில் 1888 இல் பிறந்த ஓவிய ஆசான் யொகானஸ் இற்றன். 1961 இல் வெளிவந்த அவரது நூலிலுள்ள பன்னிரு நிறச் சக்கரத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

மஞ்சள், சிவப்பு, நீலம் என்பன அதில் முதன்மை நிறங்கள். இவற்றில் இரண்டிரண்டு கலக்கப் பிறப்பவை வழிநிறங்கள்: செம்மஞ்சள், பச்சை, ஊதா. செம்மஞ்சள் என்னும் சொல்லைச் சற்றே நோக்குக. சிவப்பும் மஞ்சளும் அதனுள்ளேயே நிற்கின்றன. கலவை முறையைச் சொல்லே கற்பித்துவிடுகின்றது! ஜேர்மன் மொழியிலோ அதற்கு ஒரு பழத்தின் பெயர்தான். மஞ்சட்பச்சை, நீலப்பச்சை, செவ்வூதா முதலிய ஆறு இடைநிறங்களுக்கும் இவ்வாறே பெயரிடலாம்.

சக்கரத்தில் நேரெதிரே நிற்பவை நிரப்பு நிறங்கள்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்குச் செம்மஞ்சள், மஞ்சளுக்கு ஊதா. அருகருகே தீட்டினால் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டும். கலந்தாலோ இரண்டும் மங்கிவிடும். பச்சைக் கரையிட்ட சிவப்புப் பட்டுச்சேலை கண்ணைப் பறிப்பது இதனாலேயே. அம்மாவின் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

வெள்ளை சேர்ந்தால் இளநீலம். கறுப்புச் சேர்ந்தால் கருநீலம்.