சிறுவர் வகுப்பில் நாணமும் இழிவும்

பிள்ளையைத் திருத்துதல் வேறு. பிள்ளையைத் தாழ்த்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால் விளையும் கேடு பெரிது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் போன்ற பெங்களூர்ப் பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று வயதிலேயே அங்கன்வாடிக்கும் பாலர் வகுப்புக்கும் செல்கின்றனர். அங்கே அவர்களை நெறிப்படுத்துவது எங்ஙனம் என்பதைத் தம்மத்தின் ஒளியில் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். பெற்றோரும், ஞாயிறு தம்ம வகுப்பு நடத்துவோரும் இதனைத் தமக்கென்றே கொள்வாராக.

இராகுலன் கற்ற பாடம்

மஜ்ஜிம நிகாயத்தின் 61-ஆவது சூத்திரத்தில் பகவான் தம் மைந்தன் இராகுலனுக்குப் போதித்த வரலாறு காணப்படுகிறது. அப்பொழுது இராகுலனுக்கு வயது ஏழு என்பது உரை மரபு. இராசகிருகத்தில் ஒரு மாலையில் பகவான் அவன் இருக்கும் இடம் தேடிச் சென்றார். சிறுவன் ஆசனமிட்டுக் கால் கழுவ நீர் வைத்தான். கால் கழுவியபின் பகவான் பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து, அதனைக் காண்கிறாயா என வினவினார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவனுடைய துறவும் அவ்வளவு சிறிதே என்றார். பின்னர் அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பகவான் குற்றத்தைக் கண்டித்தார். “நீ பொய்யன்” என்று பிள்ளைக்குப் பெயர் சூட்டவில்லை. இரண்டாவது, சிறுவன் கண்ணாற் காணக்கூடிய பொருளைக் கொண்டே போதித்தார். மூன்றாவது, இறுதியில் கண்ணாடியை உவமை காட்டி, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என எண்ணிப் பார்க்கச் சொன்னார். அதாவது, நீதிபதியைப் பிள்ளையின் உள்ளத்திலேயே அமர்த்தினார்.

உதான நூலிலும் இதற்கொத்த நிகழ்ச்சி உண்டு. சாவத்திக்கும் ஜேதவனத்துக்கும் இடையே சிறுவர் சிலர் மீன்களை வதைத்துக்கொண்டிருந்தனர். பகவான் அவர்களை விரட்டவில்லை. துன்பம் தங்களுக்குப் பிடிக்குமா என்றே கேட்டார். பிறருடைய வலியைத் தன் வலியைக் கொண்டு அறியச் செய்யும் கேள்வி அது.

நாணம் எது, இழிவு எது?

நம் தம்மத்தில் ‘ஹிரி’ என்னும் நாணம் உயர்ந்த குணமாக மதிக்கப்படுகிறது. அங்ஙனமாயின் பிள்ளையை நாலுபேர் முன் வெட்கப்படச் செய்வது சரிதானே என்று சிலர் கேட்கலாம். அன்று. ஹிரி தன்மதிப்பிலிருந்து பிறப்பது என உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். “இத்தகைய செயல் எனக்குத் தகாது” என்பது ஹிரி. “நீ எதற்கும் தகாதவன்” எனப் பிறர் சொல்வது இழிவு. இழிவு வளர வளரத் தன்மதிப்பு தேய்கிறது. தன்மதிப்பு தேய்ந்த இடத்தில் ஹிரி முளைக்க இடமில்லை.

இதனை நம்மைவிட நன்கு அறிந்தவர் யாவர்? நம் முன்னோருட் பலர் பள்ளித் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னை அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தது அவ்வாறு விலக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவே. அவருடன் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். அதே அடையாற்றில் 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்திறங்கி, பிரம்பின்றி, பிள்ளையின் கைக்கு வேலை தந்து கற்பிக்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். இழிவை உதறவே நாம் தம்மத்தைத் தழுவினோம். அவ்விழிவை “அழுக்குப் பிள்ளை”, “அடங்காப் பிடாரி”, “மக்கு” என்னும் சொற்களாக நாமே நம் பிள்ளைகள் மேல் எறிதல் தகுமா? திசரணம் சொல்லத் தவறிய குழந்தையை முழங்காலிடச் செய்தால், அக்குழந்தை புத்தரை அஞ்சக் கற்குமேயன்றி நேசிக்கக் கற்காது.

குறும்பின் காரணம்

நோயறிந்து மருந்து தருவதே பகவான் காட்டிய நெறி. மூன்று நான்கு வயதுப் பிள்ளை அடிப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று, சொல் போதாமையால். பசி, தூக்கக் குறைவு, நெடுநேரம் அமர்ந்திருத்தல் ஆகியனவும் காரணமாகும். பெங்களூரில் இன்னுமொரு காரணம் உண்டு. வீட்டில் தமிழ் கேட்ட பிள்ளை வகுப்பில் கன்னடம் கேட்கிறது. ஆசிரியை “கூத்கோ” என்றால் ‘உட்கார்’ என்று பொருள். அஃது அறியாத பிள்ளை நின்றுகொண்டே இருக்கும். ‘வேண்டும்’ என்பதற்கு “பேக்கு” என்று சொல்லத் தெரியாத பிள்ளை பொம்மையைப் பறிக்கும். இதனைக் கீழ்ப்படியாமை என்று தண்டித்தல் அநீதியாகும். பெற்றோர் இத்தகைய பத்துக் கன்னடச் சொற்களைப் பிள்ளைக்கு முன்னதாகவே கற்பித்தனுப்பினால் பாதிக் குறும்பு தானே அடங்கும்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. செய்யத்தகாததைச் சொல்வதினும் செய்யத்தக்கதைச் சொல்லுக. “ஓடாதே” என்பதற்கு மாறாக “மெல்ல நடந்து வா, கண்ணே” என்க.

2. அடித்த பிள்ளையை மூலையில் நிறுத்தாமல், முதலில் அருகில் அமர்த்தி அமைதியுறச் செய்க. பின்பு அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து தரச் சொல்லுக. கலைத்தவன் அடுக்கட்டும்; சிந்தியவன் துடைக்கட்டும். தண்டனை கெட்டதைக் கெட்டபடியே விடும். இம்முறை அதைச் சீர்ப்படுத்தும்.

3. பஞ்சசீலத்தைச் செயலாக்குக. எறும்பை மிதியாமை, கேட்டு வாங்குதல், உடைத்ததை ஒப்புக்கொள்ளுதல் ஆகியன சிறுவர்க்குரிய சீலங்கள். ஒப்புக்கொண்ட பிள்ளையைத் தண்டித்தால் மறுநாள் அது பொய் சொல்லும்.

4. மூன்று வயதுப் பிள்ளை இராகுலனைப் போல் எண்ணிப் பார்க்க இயலாது. அதற்குச் செய்து காட்டுக. நூறு முறை காட்ட நேரினும் சலியாதிருக்க. பிறர்க்குத் துன்பம் நேர்வதாயின் உடனே கையைப் பிடித்துத் தடுக்கவும் தயங்கற்க. அன்பு என்பது கட்டுப்பாடின்மை அன்று. மக்களைத் தீமையினின்று விலக்குதலே பெற்றோரின் முதற் கடமையெனச் சிகாலோவாத சூத்திரம் கூறுகின்றது.

சட்டமும் மனச்சான்றும்

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் அச்சட்டத்தில் பிள்ளை என்பது 6 முதல் 14 வயது வரை உள்ளோரையே குறிக்கும். அதனினும் இளையோர்க்கு நம் மனச்சான்றே முதற்காவல். வகுப்பில் பிள்ளை தாழ்த்தப்பட்டதென அறிந்தால், பெற்றோர் அஞ்சி வாளாவிராது, ஆசிரியையிடம் பணிவோடும் உறுதியோடும் பேசுக. பிள்ளையைப் பிரித்து உட்காரவைத்தால் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க.

சிந்தனைக்குரிய வினாக்கள்

இராகுலனுக்குப் பகவான் எவ்வகைப் பெயரும் சூட்டாமல் போதித்தது ஏன்? சென்ற வாரம் நம் பிள்ளையை எந்தச் சொல்லால் அழைத்தோம்? அச்சொல்லைப் பிறர் நம்மை நோக்கிச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்போமா?

இக்கடைசி வினாவுக்கு உண்மையாக விடையளிப்பவர், நாளைக் காலை பிள்ளையை வேறு சொல்லால் எழுப்புவார். தம்மப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

நமோ புத்தாய.