கீரியும் வாத்தும் ஒரே இனமா?

மைசூரில் தேவராஜ மொஹல்லாவின் பெரிய கடைத்தெரு டி. தேவராஜ் அர்ஸ் சாலை. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் படிக்கும் வெளியூர்க்காரருக்கு, கடைசியில் நிற்கும் 'எஸ்' பன்மை விகுதியாகத் தோன்றலாம். அது விகுதியே அல்ல. நம் 'அரசர்' என்பதற்கு உறவான 'அரசு' என்ற கன்னடச் சொல்தான் ஆங்கில எழுத்தில் இப்படிச் சுருங்கியது. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனபோது முதலமைச்சராக இருந்த தேவராஜ் அர்ஸ் பிறந்த சமூகத்தின் பெயர் அது.

தோற்றத்தை வைத்துச் சொல்லின் இலக்கணத்தை முடிவு செய்வதால்தான் ஆங்கிலப் பன்மையில் இத்தனை குழப்பம்.

நம்பிக்கை: 'கூஸ்' பன்மையில் 'கீஸ்' ஆவதால், 'மங்கூஸ்' 'மங்கீஸ்' ஆக வேண்டும்.

உண்மை: வாத்தினப் பறவையைக் குறிக்கும் 'கூஸ்' பழைய ஆங்கிலச் சொல். ஒரு காலத்தில் அதன் பன்மை விகுதியில் இருந்த இகர ஒலி, முன்னால் நின்ற உயிரொலியைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு விகுதி உதிர்ந்தது. மாறிய ஒலி மட்டும் தங்கியது. 'ஃபுட்' 'ஃபீட்' ஆனதும், 'டூத்' 'டீத்' ஆனதும் இதே வழியில்தான். கீரியைக் குறிக்கும் 'மங்கூஸ்' இந்தக் குடும்பமே இல்லை. மராத்தியின் 'முங்கூஸ்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. மைசூரில் கன்னடம் பேசுபவருக்குக் கீரி இன்றும் 'முங்குசி'தான். எனவே பன்மை 'மங்கூஸஸ்'. சில அகராதிகள் 'மங்கீஸ்' வடிவத்தையும் சேர்த்திருந்தாலும், அது ஒலி ஒப்புமையில் ஏமாந்து பிறந்தது. நம் மண்ணிலிருந்து போன சொல்லை நாமே அப்படி எழுதுவது எனக்கு வருத்தம்.

'ஆக்டோபஸ்' கதையும் இதுபோலத்தான். 'ஆக்டோபை' என்பது லத்தீன் பன்மை மாதிரி, சொல்லோ கிரேக்கம். 'ஆக்டோபஸஸ்' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

நம்பிக்கை: 'டேட்டா' பன்மை, அதை ஒருமையாக எழுதினால் பிழை.

உண்மை: லத்தீனில் பன்மைதான். ஆனால் 'அஜெண்டா'வும் லத்தீனில் பன்மையே. அதை ஆங்கிலத்தில் ஒருமையாக எழுதுவதை இன்று யாரும் திருத்துவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் 'டேட்டா' இன்னும் பன்மையாக வருகிறது, அன்றாட எழுத்தில் ஒருமையாக. இரண்டும் சரியே.

பன்மைக்கு வெளியே இன்னொரு நம்பிக்கை: 'ப்ரீபோன்' இந்தியர் உண்டாக்கிய பிழையான சொல்.

உண்மை: 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் ஒருவர் அதை 'முன்னே வைத்தல்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார். குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருதல் என்ற இன்றைய பொருளில், 1913இல் நியூயார்க் டைம்ஸில் வந்த கடிதத்திலேயே அது இருக்கிறது. நம் நாட்டில் அது ஓங்கி வளர்ந்தது உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் அதற்கு இடம் உண்டு. மாணவர் தாளில் அதைச் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர்கள் இனி அந்தச் சுழியை விட்டுவிட வேண்டும்.